அடிமைக் கப்பலை ஓட்டியவர் பாதிரியார் ஆனார்

நியூட்டன் என்றதும் ஆப்பிள் பழமும் புவியீர்ப்பும் நினைவுக்கு வரும். அவர் ஐசக் நியூட்டன். இது வேறொரு நியூட்டனின் கதை. பெயர் ஜான் நியூட்டன். விஞ்ஞானி அல்ல, பாதிரியார். அதற்கு முன் கப்பல் தலைவர். அவருடைய கப்பலில் ஏற்றிச் சென்ற சரக்கு, மனிதர்கள்.

"அமேசிங் கிரேஸ்" என்ற ஆங்கில ஞானப்பாட்டைக் கேட்டிருப்பீர்கள். கிறிஸ்தவர் அல்லாதவர்கள்கூட வானொலியிலோ சினிமாவிலோ அந்த ராகத்தைக் கேட்டிருக்கலாம். அதை எழுதியவர் இவர்தான். புயலில் சிக்கினார், மனம் திருந்தினார், பாட்டு எழுதினார் என்று இவர் கதையை மூன்று வரியில் முடித்துவிடுவார்கள். கதை அத்தனை சுலபம் அல்ல. புயலுக்குப் பிறகும் அவர் ஆறு ஆண்டுகள் அடிமைக் கப்பலில் வேலை பார்த்தார். அடிமை வியாபாரம் பாவம் என்று ஊரறியச் சொல்ல நாற்பது ஆண்டுகள் ஆயின. அந்த நாற்பது ஆண்டுகளில் அவரை மாற்றியது புயல் அல்ல. கூடப் பழகிய மனிதர்கள். முக்கியமாக, தம்மைப் போலவே பிரசங்க மேடை ஏறிய சில பாதிரிமார்கள்.

கப்பல்காரர் மகன்

லண்டனில் தேம்ஸ் நதியோரம் வாப்பிங் என்று ஒரு துறைமுகப் பேட்டை உண்டு. 1725 ஜூலையில் அங்கே பிறந்தார் ஜான். தகப்பனார் கப்பல் தலைவர், கண்டிப்பானவர். தாயார் எலிசபெத் பக்தி மிகுந்தவர். மகனுக்கு வேத வசனங்களையும் பாட்டுகளையும் சொல்லிக் கொடுத்தார். ஜானுக்கு ஏழு வயது நிறைவதற்கு இரண்டு வாரம் முன்பு, காச நோயில் தாயார் இறந்துபோனார். தகப்பனார் மறுமணம் செய்துகொண்டார். பிறகு இரண்டு ஆண்டு விடுதிப் பள்ளிக்கூடம். ஜானின் பள்ளிப் படிப்பு மொத்தமும் அவ்வளவுதான். பதினோரு வயதில் தகப்பனாரோடு கப்பலேறினார்.

பதினேழு வயதில் கெண்ட் மாவட்டத்தில் மேரி என்ற பெண்ணைப் பார்த்தார். அவளுக்குப் பதினான்கு வயதுகூட ஆகவில்லை. அன்று முதல் அவள் நினைவுதான். அவளை விட்டுப் பிரிய மனமில்லாமல், போகவேண்டிய கப்பல்களைத் தவறவிட்டுத் தகப்பனாரின் கோபத்துக்கு ஆளானார்.

சவுக்கடி

அந்தக் காலத்தில் ஆங்கிலேயக் கடற்படைக்கு ஆள் போதாவிட்டால், துறைமுகத் தெருக்களில் திரியும் மாலுமிகளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார்கள். 1744ல் ஜான் அப்படிப் பிடிபட்டார். "ஹார்விச்" என்ற போர்க்கப்பலில் ஏற்றினார்கள். தகப்பனாரின் செல்வாக்கால் சிறிய பதவி ஒன்று கிடைத்தது. அந்தக் கப்பல் கிழக்கிந்தியப் பக்கம் நீண்ட பயணம் போகப் போகிறது என்று தெரிந்ததும் கரையிறங்கித் தப்பி ஓடினார். பிடித்து வந்து, சட்டையைக் கழற்றி, எல்லோர் முன்னிலையிலும் சவுக்கால் அடித்தார்கள். பதவி போயிற்று. சாதாரண மாலுமி ஆனார்.

மடீராத் தீவில் ஒரு வாய்ப்பு வந்தது. ஆப்பிரிக்காவுக்குப் போகும் வியாபாரக் கப்பல் ஒன்றிலிருந்து இரண்டு பேரைக் கடற்படைக்கு எடுத்துக்கொண்டு, பதிலுக்கு ஆள் கொடுத்தார்கள். ஜான் கெஞ்சிக் கேட்டு அந்தக் கப்பலுக்கு மாறிக்கொண்டார். ஹார்விச் கப்பல் தன் வழியே கிழக்கே போயிற்று. 1746ல் நாகப்பட்டினத்துக்கு அப்பால் பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த கடற்போரில் அதுவும் இருந்தது. மாறாமல் இருந்திருந்தால் ஜான் நியூட்டன் நம் சோழமண்டலக் கரையைப் பார்த்திருப்பார். மாறிக்கொண்டதால் போய்ச் சேர்ந்தது ஆப்பிரிக்கா. அவர் ஏறியது அடிமைக் கப்பல்.

மணலில் கணக்கு

இப்போது சியரா லியோன் என்று வழங்கும் நாட்டின் கரையோரம் பிளாண்டெயின் என்ற தீவுகள் உள்ளன. அங்கே அடிமை வியாபாரம் செய்த ஒரு வெள்ளைக்காரரிடம் ஜான் வேலைக்குச் சேர்ந்தார். சீக்கிரம் பணக்காரர் ஆகலாம் என்ற ஆசை. ஆனால் காய்ச்சலில் படுத்தார். முதலாளி வெளியூர் போயிருந்தபோது, முதலாளியின் ஆப்பிரிக்க மனைவிக்கு ஜானைப் பிடிக்காமல் போயிற்று. சாப்பாடு போடவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டாலும் கிடைப்பது அரிது. சங்கிலியில் கிடந்த அடிமைகள் தங்களுக்குக் கிடைத்த சொற்ப உணவில் இரகசியமாக அவருக்குப் பங்கு கொடுத்தார்கள். இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு முதலாளியும் அவரை நம்பவில்லை. திருட்டுப் பட்டம் கட்டினார். கிழிந்த துணியோடு மழையிலும் வெயிலிலும் கிடந்தார் ஜான். அவரிடம் இருந்த ஒரே சொத்து, யூக்லிடின் வடிவ கணிதப் புத்தகம். கடற்கரை மணலில் குச்சியால் வட்டமும் முக்கோணமும் வரைந்து தாமே படித்துக்கொண்டார். ஒரு நாள் முதலாளி எலுமிச்சைக் கன்றுகளை நடச் சொன்னார். இந்தக் கன்றுகள் காய்ப்பதற்குள் நீ கப்பல் தலைவனாகத் திரும்பி வந்து பழம் பறித்தாலும் பறிப்பாய் என்று கேலி செய்தார். சில ஆண்டுகளில் அப்படியே நடந்தது. கேலி செய்தவர் கண்ணெதிரே ஜான் கப்பல் தலைவராக வந்து இறங்கினார்.

புயல்

தகப்பனார் சொல்லி அனுப்பிய "கிரேஹவுண்ட்" என்ற கப்பல் அவரை மீட்டது. 1748 மார்ச்சில், வட அட்லாண்டிக் கடலில், நள்ளிரவில் அந்தக் கப்பல் புயலில் சிக்கியது. பக்கப் பலகைகள் உடைந்து தண்ணீர் புகுந்தது. கடவுளைப் பழித்துப் பேசுவதில் பெயர் வாங்கியிருந்த ஜான், அன்று வாய் தவறிக் கடவுளைக் கூப்பிட்டார். கூப்பிட்ட பிறகுதான் தாம் என்ன சொன்னோம் என்று யோசித்தார். மணிக்கணக்கில் தண்ணீர் இறைத்தார். பிறகு சுக்கான் பிடித்தார். நான்கு வாரம் கழித்து, கடைசி உணவு பானையில் வெந்துகொண்டிருந்தபோது கப்பல் அயர்லாந்துக் கரையைத் தொட்டது.

அந்த நாளை அவர் சாகும் வரை ஆண்டுதோறும் நினைவு கூர்ந்தார். குடியையும் வசைச் சொல்லையும் விட்டார். 1750ல் மேரியை மணந்தார். எல்லாம் சரி. ஆனால் வேலையை விடவில்லை.

மேலே ஜெபம், கீழே சங்கிலி

1750 முதல் 1754 வரை மூன்று பயணங்களில் அவர் கப்பல் தலைவர். "டியூக் ஆப் ஆர்கைல்" என்ற கப்பலில் ஒரு முறை, "ஆப்பிரிக்கன்" என்ற கப்பலில் இரண்டு முறை. லிவர்பூலில் துணியும் இரும்பும் சாராயமும் ஏற்றுவார்கள். ஆப்பிரிக்காவில் அவற்றைக் கொடுத்து மனிதர்களை வாங்குவார்கள். மேற்கிந்தியத் தீவுகளில் அவர்களை விற்றுச் சர்க்கரையோடு திரும்புவார்கள். ஐரோப்பியர்கள் இப்படி ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேற்றிய மனிதர்களின் தொகை, அந்த வியாபாரம் நடந்த காலம் முழுவதற்கும் சேர்த்து, சுமார் ஒன்றேகால் கோடி என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டுள்ளனர்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கப்பல் தலைவர் நியூட்டன் மாலுமிகளைக் கூட்டி வைத்து ஆராதனை நடத்துவார். அதே பலகைத் தளத்துக்குக் கீழே இரண்டிரண்டு பேராக விலங்கு பூட்டிய மனிதர்கள் கிடந்தார்கள். கலகம் செய்யச் சதி என்று சந்தேகம் வந்தால், கட்டைவிரலை நசுக்கும் திருகை மாட்டி விசாரித்தார். அதைத் தம் கப்பல் குறிப்பேட்டில் தாமே எழுதியும் வைத்தார். பிளாண்டெயின் தீவில் தமக்குச் சோற்றில் பங்கு கொடுத்தவர்களும் இப்படிச் சங்கிலியில் கிடந்தவர்கள்தானே என்ற எண்ணம் அவருக்கு வரவில்லை. மூன்றாவது பயணத்தில் மாலுமிகளிலும் அடிமைகளிலும் ஒருவர்கூடச் சாகவில்லை என்பதற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னார். விற்றதற்காக வருத்தப்படவில்லை. பலர் செய்யும் தொழில், சட்டம் அனுமதித்த தொழில், வயிற்றுப் பிழைப்பு. இந்த மூன்றும் சேர்ந்தால் மனிதனுக்குக் கண் தெரிவது கஷ்டம்தான்.

மூன்றாவது பயணத்தில் செயின்ட் கிட்ஸ் தீவில் அலெக்சாண்டர் குளூனி என்ற கப்பல் தலைவரைச் சந்தித்தார். குளூனி நல்ல பக்தர். ஒரு மாத காலம், மாலை வேளைகளில் மாறி மாறி ஒருவர் கப்பலுக்கு மற்றவர் போய், நள்ளிரவு வரை பேசினார்கள். கடவுளைப் பற்றி மனம் விட்டுப் பேச ஓர் ஆள் கிடைத்தது நியூட்டனுக்கு அதுவே முதல் தடவை. புத்தகம் படித்து வராத தெளிவு அந்தப் பேச்சில் வந்தது. தனியாக இருந்தால் தாம் தேற முடியாது என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டார். ஆனால் அந்தத் தெளிவும் கப்பலின் மேல்தளத்தோடு நின்றுவிட்டது. அடிமைகளை விற்பது தவறு என்று அந்நாளில் தமக்குத் தோன்றவே இல்லை என்று பின்னால் அவரே ஒப்புக்கொண்டார். நல்ல சிநேகம் என்பது வேறு, கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்கும் சிநேகம் என்பது வேறு.

சுங்க உத்தியோகம்

1754ல், அடுத்த பயணத்துக்குக் கப்பல் தயாராக நின்றபோது, வீட்டில் உட்கார்ந்திருந்தவர் திடீரென்று நினைவு தப்பி விழுந்தார். வைத்தியர்கள் கடல் வேலை கூடாது என்றனர். மனசாட்சி அல்ல, உடம்புதான் அவரை அடிமைக் கப்பலிலிருந்து இறக்கியது.

மறு ஆண்டு லிவர்பூல் துறைமுகத்தில் சுங்க இலாகா வேலை. வரும் கப்பல்களை எதிர்கொண்டு சோதனை போடும் அதிகாரி. ஏறிப்போக ஆறு துடுப்புப் படகு. நம்மைப் போலச் சம்பள உத்தியோகம். முறை வைத்து வேலை. மீதி நேரத்தில் லத்தீனும் கிரேக்கமும் எபிரேயமும் தாமே படித்தார். ஒயிட்பீல்டு, ஜான் வெஸ்லி போன்ற பெரிய பிரசங்கிகளைக் கேட்டார். தாமும் பாதிரியார் ஆக வேண்டும் என்று 1758ல் விண்ணப்பித்தார். மறுத்துவிட்டார்கள். கல்லூரிப் பட்டம் இல்லை. தீவிரப் பக்தர்களோடு சகவாசம் வேறு. பட்டம் இல்லாதவன் படும் பாடு எங்கும் ஒன்றுதான் போலிருக்கிறது. ஆறு ஆண்டு அலைந்தபின், டார்ட்மவுத் பிரபுவின் சிபாரிசில், 1764ல் குருப்பட்டம் கிடைத்தது. அப்போது வயது 38.

ஓல்னி

பக்கிங்ஹாம்ஷயரில் ஓல்னி சிறிய ஊர். வீட்டுக்கு வீடு பெண்கள் குனிந்து உட்கார்ந்து சரிகைப் பின்னல் வேலை செய்து பிழைத்த ஏழை ஊர். சொற்பச் சம்பளத்தில் நியூட்டன் அங்கே பதினாறு ஆண்டு இருந்தார். ஜான் தார்ன்டன் என்ற செல்வந்தர், ஏழைகளுக்கும் விருந்தாளிகளுக்கும் செலவிட என்று ஆண்டுக்கு 200 பவுன் அனுப்பினார்.

பக்கத்துச் சபைகளில் இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். ஒருவர் வில்லியம் புல். வேறு சபைப் போதகர். ஆங்கிலத் திருச்சபைக்காரர்கள் அத்தகையவர்களோடு நெருங்கிப் பழகுவது அந்நாளில் அபூர்வம். நியூட்டன் அதைப் பார்க்கவில்லை. இருவரும் புகைக்குழாயைப் பற்றவைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசுவார்கள்.

இன்னொருவர் தாமஸ் ஸ்காட், பக்கத்து ஊர் இளம் பாதிரியார். நியூட்டனின் பக்தியை இளக்காரமாகப் பேசியவர். 1774ல் ஸ்காட்டின் சபையைச் சேர்ந்த கணவன் மனைவி இருவர் மரணப் படுக்கையில் கிடந்தனர். சில வீடுகள் தள்ளி இருந்த ஸ்காட் எட்டிப் பார்க்கவில்லை. ஓல்னியிலிருந்து நியூட்டன் பல தடவை நடந்து வந்து அவர்களைப் பார்த்துவிட்டுப் போனார் என்று பிறகு கேள்விப்பட்டார். வெட்கம் பிடுங்கித் தின்றது. வாதத்துக்கு இழுத்துக் கடிதம் எழுதினார்; நியூட்டன் வாதம் செய்யவில்லை, சிநேகமாகவே பதில் எழுதினார். சில ஆண்டுகளில் ஸ்காட் நெருங்கிய நண்பர் ஆனார். ஓல்னி சபையையே பிற்பாடு ஏற்று நடத்தினார்.

கவிஞர் வில்லியம் கூப்பர் இதே ஊரில் வந்து குடியேறினார். இருவரும் சேர்ந்து எழுதிய ஞானப்பாட்டுகள் 1779ல் புத்தகமாக வந்தன. "அமேசிங் கிரேஸ்" 1773 புத்தாண்டுப் பிரசங்கத்துக்காக எழுதியது. அந்த ஆண்டே கூப்பருக்கு மனநோய் முற்றியது. தற்கொலைக்கும் முயன்றார். நியூட்டன் அவரைத் தம் வீட்டிலேயே ஓர் ஆண்டுக்கு மேல் வைத்துக் காப்பாற்றினார்.

விடுதியில் கூடிய பாதிரிமார்

1780ல் நியூட்டன் லண்டன் வந்தார். வட்டிக்கடைகளும் வங்கிகளும் நிறைந்த லம்பார்ட் தெரு முனையில் செயின்ட் மேரி உல்நாத் ஆலயம். அங்கே குரு. பணக்காரர்கள், வேலைக்காரர்கள், வெளியூர் மாணவர்கள் எல்லோரும் அவர் பிரசங்கத்துக்கு வந்தனர். ஆனால் அவரைப் போன்ற பாதிரிமார்கள் அந்தப் பெரிய நகரில் சிலரே. மேலதிகாரிகளுக்கு அவர்களைப் பிடிக்காது. ஒவ்வொருவரும் தனித் தனியே.

1783 ஜனவரி 16ந் தேதி, ஆல்டர்ஸ்கேட் தெருவில் "காசில் அண்ட் பால்கன்" என்ற விடுதியில் நான்கு பேர் கூடினார்கள். நியூட்டன், ரிச்சர்ட் செசில், ஹென்றி பாஸ்டர் ஆகிய மூவரும் பாதிரிமார். நான்காவது, ஈலை பேட்ஸ் என்ற சபை அங்கத்தினர். "எக்லெக்டிக்" சங்கம் என்று பெயர் வைத்தார்கள். பல இடத்திலிருந்தும் நல்லதைப் பொறுக்கிச் சேர்ப்பது என்று அர்த்தம். பெயருக்கு ஏற்றபடி, மற்றச் சபைப் போதகர்களுக்கும், பாதிரியார் அல்லாத சிலருக்கும் இடம் கொடுத்தார்கள். பிறகு செசிலின் ஆலயத்துத் துணி மாற்றும் அறைக்கு இடம் மாறினார்கள்.

நடைமுறை எளிது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, திங்கட்கிழமை. ஞாயிறு பிரசங்கம் முடிந்த களைப்பு தீராத நாள். தேநீர் அருந்துவார்கள். ஜெபம் செய்வார்கள். ஒருவர் ஒரு கேள்வியை முன்வைப்பார். மூன்று மணி நேரம் அதே கேள்வி. ஒவ்வொருவரும் முறையாகப் பேச வேண்டும். பேசிவிட்டு மற்றவர் சொல்வதைக் கேட்க வேண்டும். மேடையும் கிடையாது, கேட்டுவிட்டுப் போகிற சபையும் கிடையாது. பின்னாளில் ஜோசையா பிராட் என்ற அங்கத்தினர் குறிப்பெடுத்து வைத்ததால் அந்தப் பேச்சுகள் 1856ல் அச்சாகி வந்தன.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். எனக்குப் பெரிய விஷயமாகத்தான் படுகிறது. குமாஸ்தா தப்பாகக் கணக்கு எழுதினால் தலைமைக் குமாஸ்தா சிவப்பு மையில் சுழிப்பார். எஞ்சின் டிரைவர் சிக்னலைத் தாண்டினால் விசாரணை வரும். வாரந்தோறும் ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிற பாதிரியாருக்கு யார் புத்தி சொல்வது? மேடையில் நின்று பேசுகிறவரைக் குறுக்கே கேள்வி கேட்க முடியாது. பாராட்டுகிறவர்கள்தான் வாசலில் நிற்பார்கள். அந்த அபாயம் நியூட்டனுக்குத் தெரிந்திருந்தது. சம வேலை செய்கிறவர்கள், சமமாக உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் தட்டிக் கேட்க ஓர் இடம் வேண்டும் என்று, 57 வயதில், ஊரறிந்த பிரசங்கியான பிறகு, இளையவர்களோடு வட்டமாக உட்கார்ந்தார்.

இரவில் வந்த எம்.பி.

1785 டிசம்பரில் இளைஞர் ஒருவர் ஹாக்ஸ்டனில் இருந்த நியூட்டன் வீட்டைத் தேடி வந்தார். கதவைத் தட்டத் துணிவில்லாமல் சதுக்கத்தை இரண்டு சுற்றுச் சுற்றினார். யாருக்கும் தெரியக்கூடாது என்று முன்கூட்டியே சீட்டு எழுதியிருந்தார். அவர் வில்லியம் வில்பர்போர்ஸ். வயது 26. யார்க்ஷயர் தொகுதி பாராளுமன்ற அங்கத்தினர். பிரதமர் பிட்டின் ஆத்ம நண்பர். சிறுவனாக இருந்தபோது அத்தை வீட்டில் நியூட்டனைப் பார்த்தவர். இப்போது பக்தி வந்து, அரசியலை விட்டுவிடலாமா என்று தவித்தார்.

வேறு பாதிரியாராக இருந்தால், வா, நீயும் குருப்பட்டம் வாங்கு என்று சொல்லியிருப்பார். நியூட்டன் அப்படிச் சொல்லவில்லை. இருக்கிற இடத்திலேயே இரு, பாராளுமன்றத்தை விடாதே, பிட்டின் நட்பையும் விடாதே என்றார். இரண்டு ஆண்டுக்குள் வில்பர்போர்ஸ் அடிமை வியாபார ஒழிப்பைத் தம் வேலையாக எடுத்துக்கொண்டார். 1787 மே மாதம் லண்டனில் ஒழிப்புக் குழுவும் அமைந்தது.

நாற்பது ஆண்டு கழித்து

1764ல் நியூட்டன் தம் வாழ்க்கைக் கதையை வெளியிட்டிருந்தார். அதில் தம் குடி, தூஷணம், நாஸ்திகம் எல்லாவற்றையும் பாவம் என்று எழுதினார். அடிமைகளை விற்றதை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. 1788ல் ஆப்பிரிக்க அடிமை வியாபாரம் பற்றி ஒரு சிறு புத்தகம் எழுதினார். அதில் அதையே முதலில் வைத்தார். இந்த வியாபாரத்தில் தாமும் கை நனைத்தவர் என்றும், இந்த ஒப்புதல் காலம் கடந்து வருகிறது என்றும், தாம் செய்ததை இனி மாற்ற முடியாது என்றும் எழுதினார்.

இரண்டு புத்தகத்துக்கும் இடையே 24 ஆண்டு. மனிதர் அவரே, வேதப் புத்தகமும் அதுவே. இடையில் வந்து சேர்ந்தது, ஸ்காட், கூப்பர், செசில், வில்பர்போர்ஸ் என்று அவரைச் சுற்றி வளர்ந்த கூட்டம். என் கணக்கு அப்படித்தான் சொல்கிறது.

புத்தகத்தில் அழுகை அதிகம் இல்லை. கப்பல்காரருக்கே உரிய கணக்கு இருந்தது. கீழ்த்தளத்தின் உயரம் சுமார் ஐந்தடி. சில கப்பல்களில் அதுவும் இல்லை. அந்த உயரத்தையும் நடுவே பலகை போட்டு இரண்டாக்குவார்கள். சரக்கு வேகனில் மூட்டை அடுக்குவதுபோல் இரண்டு வரிசையாக மனிதர்கள். புரண்டு படுக்க முடியாது. கையும் காலும் இருவர் இருவராக விலங்கில். காலையில் பார்த்தால் உயிரோடு இருப்பவனும் செத்தவனும் ஒரே விலங்கில் கிடப்பார்கள். பெண்களையும் சிறுமிகளையும் மாலுமிகள் என்ன செய்தார்கள் என்பதையும் மறைக்கவில்லை. மாலுமிகளிலும் எத்தனை பேர் காய்ச்சலில் செத்தார்கள், எஞ்சியவர்கள் எப்படிக் கல்மனசு ஆனார்கள் என்பதையும் சொன்னார். பாராளுமன்றத்தில் இதை மறுக்க வியாபாரிகளின் ஆட்கள் பலர் இருந்தனர். ஆனால் அதே கப்பலை ஓட்டியவரே சாட்சி சொன்னால் என்ன செய்வது? பிரிவி கவுன்சில் குழு முன்பும் பாராளுமன்றக் குழு முன்பும் பாதிரியார் உடையில் நின்று சாட்சி சொன்னார். அதே 1788ல் கூப்பரும் அடிமைகளின் துயரைப் பாட்டுகளாக எழுதினார்.

1791ல் ஒழிப்பு மசோதா தோற்றது. ஆதரவு 88, எதிர்ப்பு 163. முந்தின ஆண்டுதான் மேரி இறந்திருந்தார். துவண்டுபோன வில்பர்போர்ஸுக்கு நியூட்டன் தொடர்ந்து கடிதம் எழுதித் தைரியம் சொன்னார். மசோதாக்கள் வந்தன, தோற்றன, மறுபடியும் வந்தன.

விடுதியிலிருந்து நெல்லைக்கு

அந்தத் திங்கட்கிழமைச் சங்கத்துக்கு இன்னொரு விளைவும் உண்டு. ஆப்பிரிக்காவுக்கும் கிழக்கு நாடுகளுக்கும் மிஷனரிகளை அனுப்புவது பற்றி அங்கே பல முறை கேள்வி எழுந்தது. 1799 ஏப்ரல் 12ந் தேதி, அதே "காசில் அண்ட் பால்கன்" விடுதியில் அதற்கென்று ஒரு சங்கம் பிறந்தது. முதல் செயலாளர், ஒரு காலத்தில் நியூட்டனைக் கேலி செய்த தாமஸ் ஸ்காட். அதன் முதல் மிஷனரிகள் 1804ல் சியரா லியோன் பக்கம் போனார்கள். நியூட்டன் மனிதர்களை விலைக்கு வாங்கிய அதே கரை.

சர்ச் மிஷனரி சங்கம், சி.எம்.எஸ். என்றால் திருநெல்வேலிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சங்கம்தான் இது. அது அனுப்பிய ரேனியஸ் ஐயர் 1814ல் சென்னையிலும், 1820ல் பாளையங்கோட்டையிலும் வந்து இறங்கினார். "பூமி சாஸ்திரம்" எழுதினார். தமிழ் இலக்கணம் எழுதினார். டோனாவூர் என்ற பெயர், அவருக்குப் பணம் அனுப்பிய டோனா பிரபுவின் பெயரால் வந்தது. நியூட்டனின் சீடர் கிளாடியஸ் புக்கானன் கல்கத்தாவுக்குப் பாதிரியாராக வந்து, 1806ல் தஞ்சாவூரில் சரபோஜி மன்னரைச் சந்தித்துப் போனதும் இதே கூட்டத்தின் தொடர்ச்சிதான்.

கடைசி நாட்கள்

முதுமையில் கண் மங்கிவிட்டது. காது மந்தம். பிரசங்கத்தின் நடுவே நினைவு தவறும். நிறுத்திக்கொள்ளச் சொன்ன நண்பர்களிடம், பேச முடிகிற வரை பேசுவதாகச் சொல்லிவிட்டார். வளர்ப்பு மகள் பெட்ஸி மனநிலை பாதித்து மருத்துவமனையில் இருந்தபோது, அந்தக் கிழவர் தினமும் கட்டிடத்துக்கு வெளியே போய், அவள் ஜன்னலை நோக்கி நிற்பார். அவள் குணமாகித் திரும்பி வந்து கடைசி வரை அவரைக் கவனித்துக்கொண்டாள்.

1807 பிப்ரவரியில் ஒழிப்பு மசோதா 283க்கு 16 என்ற கணக்கில் நிறைவேறியது. மார்ச் 25ல் சட்டமானது. அந்த ஆண்டு டிசம்பர் 21ல், 82வது வயதில், ஜான் நியூட்டன் காலமானார்.

சட்டம் வியாபாரத்தைத்தான் நிறுத்தியது. ஏற்கனவே அடிமையாக இருந்தவர்களுக்கு விடுதலைச் சட்டம் 1833ல் வந்து, 1834ல் அமலாயிற்று. பிறகு நடந்தது நமக்கு நேராகச் சம்பந்தப்பட்டது. அடிமைகள் விட்டுப்போன கரும்புக் காட்டு வேலைக்கு, ஒப்பந்தக் கூலிகள் என்ற பெயரில் மொரீஷியசுக்கும் பிறகு நேட்டாலுக்கும் கப்பலேற்றியது இந்தியர்களை. அதில் தமிழர்கள் ஏராளம். 1860ல் சென்னையிலிருந்து டர்பனுக்குப் போன "ட்ரூரோ" கப்பலில் இருந்தவர்கள் நம் ஜனங்கள். அந்த முறையை ஒழிக்க இன்னொரு பாதிரியார், சி.எப். ஆண்ட்ரூஸ், பிஜித் தீவு வரை போக வேண்டியிருந்தது. அது தனிக் கதை.

நியூட்டனை அவருடைய ஆலயத்திலேயே மனைவியின் அருகில் அடக்கம் செய்தார்கள். 1893ல் இருவர் எலும்புகளையும் ஓல்னிக்கு எடுத்துப்போய் அடக்கினார்கள். சில ஆண்டுகளில் அந்த ஆலயத்துக்கு அடியிலேயே ரயில் வந்துவிட்டது. 1900ல் திறந்த பாதாள ரயில்வேயின் "பாங்க்" ஸ்டேஷன் அதன் அஸ்திவாரத்துக்குக் கீழே இருக்கிறது. ஆலயம் மேலே அப்படியே நிற்கிறது.

கல்லறை வாசகத்தை நியூட்டனே முன்கூட்டி எழுதி வைத்திருந்தார். பெயருக்குப் பக்கத்தில் "கிளார்க்" என்று போட்டிருக்கும். அந்தக் கால ஆங்கிலத்தில் அதற்குக் குருவானவர் என்று அர்த்தம். நம் உத்தியோகம் அல்ல. நாஸ்திகனாகத் திரிந்ததையும், ஆப்பிரிக்காவில் அடிமைகளுக்கு ஊழியனாகக் கிடந்ததையும், மன்னிப்புப் பெற்றுப் பிரசங்கியானதையும் அதில் சொல்கிறார். கப்பல் தலைவராக இருந்த மூன்று பயணங்கள் அந்தக் கல்லில் இல்லை. அவை 1788ல் எழுதிய சிறு புத்தகத்தில் இருக்கின்றன.